கடையைக் கட்டுகிறோம், வாசலை எங்கே வைக்கிறோம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழை நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீடுகளோடு சேர்ந்து வீதியோரக் கடைகளும் போயின. சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டுப் பலர் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். வங்கிக் கடன் கிடைத்தவர்கள் பழைய ஒற்றை மாடியை இரண்டு மாடியாக உயர்த்த நினைக்கிறார்கள். சில்லறைக் கடையாக இருந்த இடம் மொத்த வியாபாரமாகவும், தேநீர்க் கடையாக இருந்த இடம் பஸ்கள் நின்று போகும் ஹோட்டலாகவும் மாறுகிறது.

இப்படிக் கட்டும்போது எல்லோரும் தூணைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசுகிறோம். வாகனம் எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வீதியில் ஏறும் என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்கும் கடைசியில்தான் வந்தது. வந்தபோது தூண் எழும்பியிருந்தது.

எங்கள் கடைக்கு நடந்தது

வாப்பாவின் கடை பிரதான வீதியோரம், ஒரு வளைவுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. முகப்பு 18 அடி. வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தோட்டத்து மக்கள். சம்பள நாளில் பஸ்ஸில் வந்து இறங்கி, அரிசி, மா, பருப்பு, கருவாடு வாங்கிக்கொண்டு, "நானா, அடுத்த கிழமை தாறேன்" என்று மீதிக் கணக்கை எழுதச் சொல்லிவிட்டு நடந்தே போவார்கள். கடைக்குக் காரில் வருபவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கடையைப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டோம். வரைபடம் கொடுத்தோம், கட்டணம் கட்டினோம். மாதங்கள் கழிந்தன. வாய்மொழியாக "பரவாயில்லை, வேலையைத் தொடங்குங்கள்" என்றார்கள். தொடங்கிய பிறகு ஓர் உத்தியோகத்தர் வந்து பார்த்து, வாகன நுழைவாயில் வளைவுக்கு மிகக் கிட்ட இருக்கிறது, இடம் மாற்ற வேண்டும் என்றார். எந்த விதியின் கீழ், எத்தனை மீற்றர் தள்ளி என்று கேட்டோம். எழுத்தில் பதில் கிடைக்கவில்லை. அதே வளைவுக்கு மேலே இன்னும் பெரிய கட்டிடம் ஒன்று தடையின்றி எழும்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டோம். சிரிப்புத்தான் பதில்.

அன்று எனக்கு வந்தது கோபம். பிறகு விதிகளைத் தேடிப் படித்தபோது புரிந்தது: அந்த உத்தியோகத்தர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொன்ன விதத்திலும் நேரத்திலும்தான் நியாயம் இருக்கவில்லை.

யார் முடிவெடுப்பது?

எமது நாட்டில் ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை வழியாகச் செங்கலடி செல்லும் ஏ5 வீதியும், பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎல வரும் ஏ16 வீதியும் இந்த வகை. அதற்குக் கீழே உள்ள சி, டி வகுப்பு வீதிகள் மாகாண நிர்வாகத்துக்கு உரியவை. மற்றச் சிறு வீதிகள் உள்ளூராட்சி மன்றங்களிடம் இருக்கின்றன.

கட்டிட அனுமதியை வழங்குவது மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. அதற்கு அடிப்படையாக இருப்பது 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் சேர்ந்துகொள்ளும். தேசிய வீதியோரம் என்றால் 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் வரும். மலைச்சரிவு என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும்.

ஆக, 18 அடிக் கடைக்கு மூன்று நான்கு கந்தோர்களின் படியேற வேண்டும். ஒருவர் வீதிக் கோட்டைப் பார்க்கிறார், ஒருவர் மண்ணைப் பார்க்கிறார், ஒருவர் வாகனத் தரிப்பிடத்தை எண்ணுகிறார். இவர்கள் ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்று பேசுவதில்லை. ஒருவர் சரி என்றதை அடுத்தவர் பிழை என்னும்போது செலவு கடைக்காரனின் தலையில் விழுகிறது.

விதி ஏன் தேவை?

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. முன்னால் ஒரு லொறி பின்பக்கமாக வீதிக்கு வருவதைச் சாரதி கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை செக்கன் என்று பொறியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்குள் 35 மீற்றர் போய்விடும். பிறகு வாகனம் நிற்க இன்னும் 30 மீற்றர். மொத்தம் 65 மீற்றர் அளவு. இது மட்டமான வீதிக்கான கணக்கு. இறக்கமாக இருந்தால் இன்னும் கூடும். மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எமது மலைவீதிகளில் எத்தனை வளைவுகளில் 65 மீற்றர் தூரம் முன்னால் தெரிகிறது? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் மரணித்தார்கள். அந்த இடத்தில் சரிந்து கிடந்த பாறை வீதியைக் குறுக்கியிருந்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பஸ் விழுந்து 15 பேர் மாண்டார்கள். இந்த இரண்டும் கடை வாசலால் நடந்த விபத்துகள் அல்ல. ஆனால் மலைவீதியில் சிறு பிழைக்குக்கூட இடமில்லை என்பதை இரண்டும் காட்டின. வளைவில் ரிவர்ஸ் எடுத்து வீதிக்கு வரும் ஒரு வேன், எதிரே வரும் பஸ்ஸைப் பள்ளத்துப் பக்கம் தள்ளப் போதும்.

இன்னொன்றும் உண்டு. வாகனம் ஏறி இறங்குவதற்காகக் கடைக்காரர்கள் வீதியோர வடிகானை மூடுகிறார்கள். சிலர் மண்ணையும் கல்லையும் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். மேலிருந்து வரும் மழைநீர் வழி தேடி வீதியில் ஏறுகிறது. வீதியைக் கடந்து கீழ்ப்பக்கச் சரிவுக்குள் இறங்குகிறது. அங்கே இருப்பது பெரும்பாலும் ஒரு லயம் அல்லது வீடு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைப் பார்த்த மாவட்டம் இது. தண்ணீர் போகும் வழியை அடைப்பது மலையில் எவ்வளவு பாரதூரமானது என்று எவரும் எமக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அநீதி எங்கே இருக்கிறது?

முதலாவது, அளவு. ஒரு காரை நிறுத்த 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வேண்டும். நுழைவாயிலுக்கு 3 மீற்றர், அதாவது 10 அடி விட்டால், 18 அடி முகப்பில் கடைக்கு மிஞ்சுவது 8 அடி. பதுளை, பண்டாரவளை, வெலிமடைக் கடைத்தெருக்களில் அடுத்தடுத்து நிற்கும் குறுகிய கடைகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே இந்த விதிக்குள் அடைக்க முடியாது. அடைக்கப் பார்த்தால் சிறிய கடைக்காரன் விற்றுவிட்டுப் போவான். நான்கு காணிகளைச் சேர்த்து வாங்கக்கூடியவன் மட்டும் கட்டுவான்.

இரண்டாவது, பழையதும் புதியதும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1981இல் நெடுஞ்சாலை நுழைவாயில்களுக்குத் தனி விதித்தொகுப்பு கொண்டு வந்தது. ஒரு காணியின் பயன்பாடு மாறி, அதன் வாசலால் வந்துபோகும் வாகனங்கள் 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் புதிய நுழைவாயில் அனுமதி எடுக்க வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு. இதில் உள்ள நியாயம் எளிது. எவன் வீதிக்குப் புதிய சுமையை ஏற்றுகிறானோ அவன் புதிதாகப் பதில் சொல்ல வேண்டும். இருந்த கடையை இருந்தபடி புதுப்பிப்பவனையும், ஒரே நேரத்தில் மூன்று சுற்றுலா பஸ்கள் நிற்கும் ஹோட்டல் கட்டுபவனையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. எமது பக்கத்தில் பல வேளை இது தலைகீழாக நடக்கிறது. சிறியவனுக்கு விதி, பெரியவனுக்கு விலக்கு.

மூன்றாவது, தோட்டம். தோட்டப் பாதை பிரதான வீதியைத் தொடும் இடத்தைக் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகள், கொழுந்து லொறி, முச்சக்கர வண்டி, நகரத்துக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் எல்லோரும் அந்த ஒரு வாயால்தான் வெளியே வருகிறார்கள். எந்தக் கடை வாசலையும் விட அது பெரிய நுழைவாயில். நடைபாதை இல்லை, பஸ் ஒதுங்கி நிற்க இடமில்லை, வளைவைப் பார்க்கக் கண்ணாடி இல்லை. கடைக்காரனிடம் மீற்றர் கணக்குக் கேட்கும் நிர்வாகம் அந்த இடத்துக்கு எந்தக் கணக்கையும் கேட்பதில்லை. தோட்டப் பாதை கம்பெனியின் பொறுப்பு என்று சபையும், நிலம் அரசாங்கத்தினுடையது என்று கம்பெனியும் சொல்லிக் காலம் போயிற்று. தோட்டங்களில் பணம் செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. இனி அந்தச் சாக்கு செல்லாது.

அந்தச் சந்தியிலேயே சிறு கடை வைத்திருக்கும் தோட்டத்து மனிதனுக்குக் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாததால் வரைபடம் இல்லை, வரைபடம் இல்லாததால் அனுமதி இல்லை. எமக்கு மறுப்பதற்காவது ஒரு கடிதம் வரக்கூடும். அவனுக்கு அதுவும் கிடையாது. ஒரு நாள் வீதி அகலிக்கப்படும்போது அவன் சட்டவிரோதக் குடியிருப்பாளன் என்ற ஒரே சொல்லோடு போய்விடுவான். எமது கடைகள் வாழ்வது அவனையும் அவன் அயலவர்களையும் நம்பித்தான். எமது உரிமையைப் பேசும்போது அவனை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

எம் பக்கம்

எம்மையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கடை முன்னால் அரிசி மூட்டையையும் பிளாஸ்டிக் கதிரைகளையும் வீதி வரை அடுக்குபவர்களில் நாமும் இருக்கிறோம். பகல் நேரத்தில் வளைவில் லொறியை நிறுத்திச் சாமான் இறக்குகிறோம். ஜும்ஆ நாளில் பள்ளிவாசலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வாகனத்தை விட்டுவிட்டு, "பத்து நிமிஷம்தானே" என்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் அம்புலன்ஸ் வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்றவர்கள் நாம். ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த இமாம் மாவர்தி, ஆட்சிச் சட்டங்கள் பற்றிய தமது நூலில் சந்தை மேற்பார்வையாளரான முஹ்தஸிபின் கடமைகளை விவரிக்கிறார். மக்கள் நடமாடும் வீதியில் எவரும் கட்டினால், வீதி அகலமாக இருந்தாலும் தடுக்க வேண்டும், கட்டியதை இடிக்க வேண்டும், அது பள்ளிவாசலாக இருந்தாலும் சரியே என்பது அவரது நிலைப்பாடு. வீதி போக்குவரத்துக்கே உரியது என்பது அதற்கான காரணம். இன்றைய வீதிக் கோட்டுச் சட்டத்தை அந்நியமானது என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும். முஹ்தஸிப் பகிரங்கமாகச் சந்தையில் நின்றுதான் தீர்ப்புச் சொன்னார் என்பதையும் அதிகாரிகள் சேர்த்து யோசிக்கட்டும்.

என்ன கேட்க வேண்டும்?

2023 மார்ச்சுக்குப் பிறகு இரண்டு வருடங்களுக்கு மேலாக உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இயங்கின. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து புதிய சபைகள் வந்தன. சூறாவளிக்குப் பின் கட்டுமானம் சூடு பிடிக்கும் இந்தக் காலமே நுழைவாயில் விதிகளை மீளாய்வு செய்ய ஏற்ற காலம். வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஒன்றாகச் சென்று ஐந்து விடயங்களைக் கேட்கலாம்.

ஒன்று, விதி எழுத்தில் இருக்க வேண்டும். வளைவிலிருந்து எவ்வளவு தூரம், வாசல் எவ்வளவு அகலம், வடிகானுக்கு மேல் எப்படிப்பட்ட சிலாப் என்பன தமிழிலும் சிங்களத்திலும் சபைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க எவருக்கும் உரிமை உண்டு.

இரண்டு, பழைய கட்டிடத்தை உடைப்பதற்கு முன்பே வாசலின் இடம் முடிவாக வேண்டும். சபை, வீதி அதிகார சபை, கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் ஒரே நாளில் வந்து பார்த்து ஒரே கடிதம் தரட்டும்.

மூன்று, அடுத்தடுத்த சிறு கடைகளுக்குப் பொதுவான ஒரு வாசலையும் பொதுவான தரிப்பிடத்தையும் அனுமதிக்க வேண்டும். சாமான் இறக்க அதிகாலை அல்லது இரவு நேரத்தை ஒதுக்கலாம்.

நான்கு, விலக்குக் கொடுத்தால் யாருக்கு, ஏன் என்பது பகிரங்கப் பதிவில் இருக்க வேண்டும்.

ஐந்து, தோட்டப் பாதைச் சந்திகளும் இதே மீளாய்வுக்குள் வர வேண்டும். கடை வாசலைத் திருத்திவிட்டுப் பிள்ளைகள் வீதியைக் கடக்கும் இடத்தை அப்படியே விட்டால் அதற்குப் பெயர் வீதிப் பாதுகாப்பு அல்ல.

நாங்கள் கடைசியில் வாசலை மாற்றினோம். எழும்பிய தூணை உடைத்தோம். வளைவிலிருந்து கீழே தள்ளி, பக்கத்துக் கடைக்காரரோடு பேசி இருவருக்கும் ஒரே வழி வைத்தோம். அவர் சிங்களவர். வாப்பாவும் அவரும் முப்பது வருடம் அயலவர்கள். அவர் ஐந்து அடி தந்தார், நாங்கள் ஐந்து அடி விட்டோம். எந்தக் கந்தோரும் இந்த வழியை எமக்குச் சொல்லித் தரவில்லை. தூண் எழும்ப முன் ஒருவர் வந்து சொல்லியிருந்தால் எமக்கு ஒரு வருடமும், வாப்பாவின் சேமிப்பில் பெரும்பகுதியும் மிஞ்சியிருக்கும். இனிக் கட்டப் போகிறவர்களுக்காவது அது மிஞ்ச வேண்டும்.