பாசிக்கு இடம் தேடும் செயற்கைக்கோள்

கடற்பாசி வளர்க்க ஏற்ற கடற்பகுதி எது என்று கண்டறியச் செயற்கைக்கோள் இன்று கை கொடுக்கிறது. நீர் தெளிவா கலங்கலா, சூடு எவ்வளவு என்பதை அது வானிலிருந்தே அளந்து சொல்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சி இது.

இதன் அவசியத்தை ராமநாதபுரம் கரை அறியும். அங்கே 12 அடிச் சதுர மூங்கில் மிதவைகளில் 'காப்பாபைக்கஸ்' என்னும் பாசியைக் கட்டி வளர்க்கிறார்கள். 45 நாளில் அறுவடை. பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ள தொழில். 2013-ஐ ஒட்டிக் கடல்நீர் சூடேறிப் பாசி அழிந்தபோது, அவர்கள் வீட்டு அடுப்பும் அணைந்தது. இடம் தவறினால் கடலுக்கும் கேடுதான். குருசடைத் தீவில் இதே பாசி பவளப்பாறைகள்மேல் படர்ந்ததை 2008-ல் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினர்.

ஆனால் செயற்கைக்கோளின் கண்ணுக்கும் எல்லை உண்டு. மேகம் மூடினால் கடலின் நிறம் தெரியாது. ஓஷன்சாட்-2 அனுப்பிய படத்தில் ஒரு புள்ளி என்பது கடலில் 360 மீட்டர். அதற்குள் பாறை எது, கரமடி இழுக்கும் வழி எது என்பது கரையில் இருப்பவருக்கே தெரியும். நமக்கு அருகிலுள்ள பூவாறு, பொழியூர் கரைகளையே பாருங்கள். ஆனி, ஆடியில் அலை கரையையே அரித்துப் போகிறது. படத்தில் நீர் நன்றாக இருந்தாலும், அங்கே மூங்கில் மிதவை நிற்குமா? மீனவரைத்தான் கேட்க வேண்டும்.

கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் 300-க்கு மேற்பட்ட இடங்களைக் குறித்துள்ளது. அந்தந்த ஊரின் வரைபடம் தமிழிலும் மலையாளத்திலும் மீனவர் கைக்குச் சேர வேண்டும். வலை வீசுவோரையும் பாசி எடுக்கும் பெண்களையும் கலந்த பிறகே இடம் ஒதுக்க வேண்டும். வெளியூர் முதலாளிக்குக் கடலைப் பங்கு போட்டுக் கொடுக்க அந்த வரைபடம் பயன்படக் கூடாது.

பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்திருக்கும் நமக்கு இது அந்நியச் செய்தி அல்ல. கடற்கரை ஊரில் தாயும் தமக்கையும் நாலு காசு பார்த்தால், ஒரு பிள்ளையாவது ஊரை விட்டு வராமல் இருக்கும்.

1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்காக வீட்டையும் தேவாலயத்தையும் விட்டுக் கொடுத்தவர்கள் மீனவர்களே. அவர்கள் தந்த மண்ணில் வளர்ந்த விஞ்ஞானம், கடற்கரைக்குப் பட்ட கடனைத் தீர்க்க இதைவிட நல்ல வழி ஏது? அரசுகள் ஆவன செய்யட்டும்.