வேகோவில் அவசரப்பட்டது யார்?

1993 ஏப்ரல் 19 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் வேகோ நகரை அடுத்த மவுன்ட் கார்மலில், 'பிராஞ்ச் டேவிடியன்' மதக்குழுவினர் குடியிருந்த மரக்கட்டடம் எரிந்து 76 பேர் மாண்டார்கள். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 1997-இல் வந்து ஆஸ்கர் பரிந்துரை வரை சென்ற 'வேகோ: தி ரூல்ஸ் ஆஃப் என்கேஜ்மென்ட்' ஆவணப்படம், வானிலிருந்து எடுத்த அகச்சிவப்புக் காட்சியில் மின்னும் புள்ளிகளைக் காட்டி, எஃப்.பி.ஐ. ஆட்கள் உள்ளே சுட்டார்கள் என்றது. முன்னாள் செனட்டர் ஜான் டான்ஃபோர்த் 2000-இல் தந்த விசாரணை அறிக்கை இதை மறுத்தது. அன்று அரசுத் தரப்பு சுடவில்லை, குறைந்தது மூன்று இடங்களில் உள்ளே இருந்தவர்களே தீ வைத்தார்கள் என்றது. எரிபொருள் ஊற்றுவதைப் பற்றி அவர்கள் பேசியது ஒட்டுக்கேட்புக் கருவியில் பதிவாகியிருக்கிறது. சான்றுகளை எடைபோட்டால் டான்ஃபோர்த் பக்கமே தராசு தாழ்கிறது. அதற்காக அரசை விட்டுவிட முடியுமா?

நெருப்பும் துப்பாக்கியும் திரையில் எடுபடும். தொலைபேசியில் மணிக்கணக்காக இழுக்கும் பேச்சு எடுபடாது. அந்த வகையில், பேச்சுவார்த்தைக் குழுவினரையும் பேசவிட்ட 2023-இன் 'வேகோ: அமெரிக்கன் அபோகலிப்ஸ்' தொடர் ஒரு படி மேல். ஏனென்றால் தீக்கு முன் எஃப்.பி.ஐ. நடத்திய 51 நாள் முற்றுகையின் மர்மம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. மார்ச் 21-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று ஏழு பேர் வெளியே வந்தார்கள். பேச்சுவார்த்தைக் குழு பல நாள் பாடுபட்டுக் கிடைத்த பலன் அது. அன்றிரவே அதிரடிப்படை ஒலிபெருக்கிகளை அலறவிட்டது. இணங்கி வந்ததற்கு இதுவா பரிசு என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஒரே அரசின் இரண்டு கைகளில் ஒன்று கூப்பிட்டது, இன்னொன்று அடித்தது. முற்றுகையின் முதல் பாதியில் பேச்சுவார்த்தையை நடத்திய கேரி நோஸ்னர் பின்னாளில் கடிந்துகொண்டதும் இதைத்தான்.

குழுத் தலைவன் டேவிட் கொரெஷ் நல்லவனா என்று கேட்பார்கள். இல்லை. சிறுமிகளைச் சீரழித்தவன், சட்டவிரோத ஆயுதங்களைக் குவித்தவன். தன் உரையை வானொலியில் ஒலிபரப்பினால் வெளியே வருவேன் என்று மார்ச் 2-ஆம் தேதி வாக்குக் கொடுத்து, ஒலிபரப்பான பிறகு வராமல் ஏமாற்றியவன். அதற்கும் முன்னே, பிப்ரவரி 28 அன்று துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் அரசு அமைப்பான ஏ.டி.எஃப். சோதனைக்குப் போனபோது நடந்த சண்டையில் அதிகாரிகள் நால்வர் உயிரிழந்தார்கள். (அன்று காலை ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர் வழி கேட்ட தபால்காரர் கொரெஷின் உறவினராகப் போனார். விஷயம் உள்ளே எட்டிவிட்டது என்று உளவுக்குப் போன அதிகாரி ஓடிவந்து சொன்ன பிறகும் மேலதிகாரிகள் சோதனையை நிறுத்தவில்லை. அவசரம் முதல் நாளே தொடங்கிவிட்டது.) இத்தகையவனிடம் எத்தனை நாள்தான் பொறுப்பது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் சீரழிக்கப்பட்ட குழந்தைகளைக் காக்கத்தான் போனோம் என்று சொல்லும் அரசு, அதே குழந்தைகள் இருந்த கட்டடத்துக்குள் கவச வண்டியால் சுவரை இடித்து மணிக்கணக்கில் கண்ணீர்ப்புகையைச் செலுத்தியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? போரில் எதிரிப் படைமீது பயன்படுத்தக் கூடாது என்று அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா கையெழுத்திட்ட ரசாயன ஆயுத உடன்படிக்கை தடுத்த புகை அது. கொரெஷ் கெட்டவன் என்பது பொறுமைக்கு எதிரான வாதமே அல்ல. கெட்டவன் கையில் குழந்தைகள் இருக்கும்போதுதான் பொறுமை அதிகம் வேண்டும்.

காத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், எப்படியும் தீ வைத்திருப்பார்கள் என்பவர்களுக்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. இருப்பது ஓர் ஒப்பீடு. மூன்றாண்டு கழித்து, 1996-இல், மொன்டானாவில் 'ஃப்ரீமென்' என்ற ஆயுதக் குழுவை அதே எஃப்.பி.ஐ. 81 நாள் சுற்றி நின்றது. ஒரு தோட்டாகூட வெடிக்காமல் அவர்கள் சரணடைந்தார்கள். வேகோ முற்றுகையின்போது பேச்சால் வெளியே வந்தவர்கள் 35 பேர், அதில் 21 பேர் குழந்தைகள். கடைசி நாள் நெருப்பிலிருந்து உயிரோடு வந்தவர்கள் 9 பேர்.