காகாவுக்கு எதுக்குங்க காளி லினக்ஸ்?

மக்களே, கொஞ்ச நாளாவே உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, புடுங்க ஆணி எதுவும் இல்லை. கொட்டிடறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா ஏறக்குறைய எட்டாம் தலைமுறை சிப்பாவது வேணும்னு கண்டிஷன். 2016-ல வாங்கின பொட்டியெல்லாம் இதுல அவுட். எட்டு ஜிபி ராம் இருந்தும் காயலான் கடைக்குப் போகணுமாம். லினக்ஸுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அதைக் கெடுக்கறது யாருன்னு பார்த்தா, நம்ம லினக்ஸ் பசங்கதான்.

இங்க புனேல எங்க குடியிருப்புல ஒரு காகா இருக்கார். (மராத்தியில பெரியவங்களை அப்படித்தான் கூப்பிடணும். எட்டு வருஷமாகியும் எனக்கு மொட்டை மாடியில சோறு வைக்கிற நினைப்புதான் வருது :-)) ரிடையர்டு. பேங்க் சைட், மெயில், யூட்யூப்ல நாட்டிய சங்கீதம், பேத்தியோட வீடியோ கால், மாசத்துக்கு ரெண்டு பிரிண்ட் அவுட். அவ்வளவுதான் அவர் தேவை. எஞ்சினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன் அவருக்குக் காளி லினக்ஸ் போட்டுக் கொடுத்துட்டான். கேட்டா "செக்யூரிட்டி ஜாஸ்தி அங்கிள்"ங்கறான். அடேய், காளி பூட்டு இல்லடா, பூட்டை உடைச்சுப் பார்க்கறவன் வெச்சிருக்கற சாமான் பெட்டி! லினக்ஸ் பழக்கமில்லாதவங்களுக்கு இது சரிப்படாதுன்னு காளிக்காரங்களே எழுதி வெச்சிருக்காங்க. "லினக்ஸ்னாலே இப்படித்தானா?"ன்னு என்கிட்ட கேட்கறார் மனுஷன். என்னத்தைச் சொல்ல.

ஆர்ச் கோஷ்டி இன்னொரு ரகம். ஆர்ச் நல்ல சரக்குதான். அவங்க விக்கிக்கு ஈடு கிடையாது. டெபியன் வெச்சிருக்கற நானே பாதி நேரம் அங்கதான் போய் நிக்கறேன். ஆனா அப்டேட் அடிக்கறதுக்கு முன்னாடி செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கோன்னு அவங்களே சொல்றாங்க. காகா அதைப் படிச்சுட்டுத்தான் கரண்ட் பில் கட்டணுமா? ஃபெடோரா எனக்குப் பிடிக்கும். ஆனா ஒரு பதிப்புக்கு ஆயுசு சுமார் 13 மாசம். வருஷா வருஷம் பொங்கல் சீர் மாதிரி நீங்க போய் அப்கிரேடு பண்ணிக் கொடுக்கணும்.

உபுண்டு? 2011 வரைக்கும் இலவசமா சிடி அனுப்பின புண்ணியவான்கள், அந்த நன்றி இருக்கு. ஆனா 22.04-லேர்ந்து ஆப்ட்ல ஃபயர்பாக்ஸ் கேட்டா ஸ்னாப்பைத் தலையில கட்டுது. இட்லி கேட்டவனுக்கு ரவா இட்லியை வெச்சுட்டு, எல்லாம் இட்லிதான் சார்ங்கற கதை.

லினக்ஸ் மின்ட் போடுங்கய்யா. 22 வரிசை உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரைக்கும் ஆதரவு உண்டு. 2020-ல வந்த மின்ட் 20-லேர்ந்தே ஸ்னாப்பைக் கேட்காம உள்ள விடறதில்லை. கீழ மெனு, ஓரத்துல கடிகாரம், விண்டோஸ்லேர்ந்து வர்றவர் மிரள மாட்டார். டைம்ஷிஃப்ட் கூடவே வருது. அதை முதல் நாளே செட் பண்ணி வெச்சா, அப்டேட்ல ஏதாவது புட்டுக்கிச்சுன்னா பழைய நிலைமைக்குத் திரும்பிடலாம். ராம் நாலு ஜிபிதான்னா எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தமிழ் தட்டணும்னா ஐபஸ்-எம்17என் போட்டா தமிழ்99 வந்துடும்.

அதுக்காக எல்லாம் ஓடும்னு சத்தியம் பண்ணாதீங்க. முதல்ல யூஎஸ்பியில லைவா ஓட்டி வைஃபை, சவுண்டு, கேமரா, மூடித் திறந்தா முழிச்சுக்குதான்னு பாருங்க. பிரிண்டரைக் கண்டிப்பா பாருங்க. நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைகள்ல நிக்கற கேனான் எல்பிபி 2900 கேப்ட்னு தனி பாஷை பேசும், அதை லினக்ஸ்ல வழிக்குக் கொண்டுவர பொறுமை வேணும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ஜிஎஸ்டி வேலை பார்க்கறவரா? விண்டோஸைத் துடைக்காதீங்க, ஓரமா இருக்கட்டும். போட்டுக் கொடுத்துட்டு உங்க போன் நம்பரையும் கொடுத்துட்டு வாங்க. நாலு மாசம் கழிச்சு கூப்பிட்டா எடுங்க.

ஆர்ச் அன்பர்கள் திட்ட வருவீங்கன்னு தெரியும். தாராளமா வாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுத் திட்டுங்க: உங்க அம்மா பொட்டியில என்ன போட்டு வெச்சிருக்கீங்க?