எஃப்.பி.எஸ் நூறு... அப்புறம் ஏன் பாஸ் ஜெர்க்?



பார்ட் பார்ட்டா விலை விசாரிச்சு, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நாலு தடவை அலைஞ்சு, ஆன்லைன் ஆஃபருக்காக ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கண் முழிச்சு, யூட்யூப் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஸ்க்ரூ முடுக்கி... ஒருவழியா உங்க கையாலேயே ஒரு கேமிங் பி.சி அசெம்பிள் பண்ணிட்டீங்க. வாழ்த்துக்கள்! கேபினெட்டுக்குள்ள லைட் எல்லாம் கோயில் திருவிழா கணக்கா மின்னுது. ஆசை ஆசையா கேமை ஓபன் பண்றீங்க. ஸ்க்ரீன் ஓரத்துல எஃப்.பி.எஸ் 100-னு காட்டுது. ஆனா, ஹீரோ நாலு அடி ஓடுறதுக்குள்ள 'டக்'குனு ஒரு ஜெர்க். திரும்ப ஓடுறான்... திரும்ப 'டக்'!

இப்போ ஆரம்பிக்கும் பாருங்க அட்வைஸ் மழை. 'கார்டு பத்தாது மச்சி, அடுத்த மாடலுக்குப் போ' - இது ரூம்மேட். 'ரேமை டபுள் ஆக்கு' - இது பக்கத்து ரூம் நிபுணர். 'எதுக்கும் ஒரு தடவை ஃபார்மட் அடிச்சிடு' - இது சீனியர். இந்த மூணுல சீனியர் சொன்னதுக்கு மட்டும்தான் காசு செலவில்லை! மத்த ரெண்டும் அப்பா பர்ஸுக்கோ, நீங்க டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்துக்கோ வைக்கிற வேட்டு. அதுவும் 2025 கடைசியில ரேம் விலை எகிறின வேகத்தைப் பார்த்தவங்க, 'இன்னொரு ஸ்டிக் வாங்கிப் போடு'ன்னு அவ்வளவு ஈஸியா சொல்ல மாட்டாங்க.

அதனால, ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. இந்த வாரம் சொல்லப் போறது ஒரே ஒரு மேட்டர்தான். ஜெர்க் அடிச்சா, 'எஃப்.பி.எஸ் எவ்வளவு?'ன்னு கேட்காதீங்க. 'எப்போ அடிக்குது?'ன்னு கேளுங்க!

ஆவரேஜ்ங்கிற அழகான பொய்

எஃப்.பி.எஸ்-ங்கிறது ஒரு செகண்டுல எத்தனை படம் ஸ்க்ரீனுக்கு வருதுங்கிற கணக்கு. 60 வந்தா ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். சரி, இப்போ சின்னதா ஒரு கணக்கு போடுவோம். 59 படங்கள் தலா 10 மில்லி செகண்டுல வந்துடுச்சு. மொத்தம் 590. அறுபதாவது படம் மட்டும் 410 மில்லி செகண்ட் எடுத்துக்கிச்சு. கூட்டினா கரெக்டா 1000. அதாவது, ஒரு செகண்டுல 60 படம். மீட்டர்ல '60 எஃப்.பி.எஸ்'னு ஜம்முனு காட்டும். ஆனா, கிட்டத்தட்ட அரை செகண்ட் உங்க ஹீரோ சிலையா நின்னிருப்பான். அந்த கேப்புல எதிரி சுட்டுட்டுப் போயிருப்பான்!

நம்ம பாஷையில சொன்னா, எட்டு பேப்பர்ல ஏழுல தொண்ணூறு வாங்கிட்டு ஒண்ணுல அரியர் வெச்ச கதை. ஆவரேஜ் பார்த்தா சூப்பர் ஸ்டூடண்ட். வீட்டுக்கு வர்ற லெட்டர்ல இருக்கிறது அரியர்தான்!

2011-ல 'டெக் ரிப்போர்ட்' தளத்துல ஸ்காட் வாஸன்ங்கிறவர், 'ஒரு செகண்டுக்கு எத்தனை படம்னு எண்ணாதீங்க. ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாருங்க'ன்னு ஒரு கட்டுரை எழுதினார். கிராஃபிக்ஸ் கார்டு ரிவ்யூ எழுதுற முறையே அதுக்கப்புறம் மாறிப் போச்சு. அந்தக் கணக்குக்குப் பேர்தான் ஃப்ரேம் டைம். இன்னிக்கு ரிவ்யூக்கள்ல '1 பர்சன்ட் லோ'ன்னு போடுறாங்களே, அதுவும் இந்த வழியில வந்ததுதான். இருக்கிறதுலேயே மோசமான நூத்துல ஒரு பங்கு ஃப்ரேம்கள் எப்படி இருந்ததுன்னு அது காட்டிக் கொடுக்கும்.

உங்க மெஷின்லயே இதைப் பார்க்கலாம். எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர், கேப்ஃப்ரேம் எக்ஸ்... ரெண்டுமே ஃப்ரீ. ஆஃப்டர்பர்னர்ல ஃப்ரேம் டைமை கிராஃபா வெச்சுக்குங்க. கோடு சமமா போனா சந்தோஷம். நடுநடுவே ஈ.சி.ஜி கணக்கா குத்திக்கிட்டு எழும்பினா, அதுதான் உங்க ஜெர்க்!

பரோட்டா மாஸ்டர் தியரி

ஹாஸ்டல் பக்கத்து பரோட்டாக் கடையை நினைச்சுக்குங்க. கல்லுகிட்ட நிக்கிற மாஸ்டர்தான் கிராஃபிக்ஸ் கார்டு. மாவு உருட்டிக் கொடுக்கிற தம்பி, ப்ராஸஸர். உருண்டை அடுக்கி வெச்சிருக்கிற மேடை, ரேம். பின்னாடி இருக்கிற மைதா மூட்டை, எஸ்.எஸ்.டி. மாஸ்டர் என்னதான் கில்லாடியா இருந்தாலும், தம்பி கையில உருண்டை இல்லைன்னா கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு சும்மாதான் நிக்கணும். அங்கே போய், 'இன்னும் பெரிய மாஸ்டரைக் கூட்டிட்டு வா'ன்னு சொன்னா என்ன ஆகும்? அவரும் சேர்ந்து சும்மா நிப்பார். சம்பளம்தான் கூட!

அதனால, ஜெர்க் அடிக்கிற நொடியில கார்டோட யூசேஜைப் பாருங்க. எப்பவும் 97, 98 பர்சன்ட்ல இருந்து, கேம் ஒரே சீரா மெதுவா ஓடினா, மாஸ்டருக்கு வேலை ஜாஸ்தி. செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைச்சா போதும். ஜெர்க் அடிக்கும்போது யூசேஜ் திடீர்னு சரிஞ்சா, மாஸ்டர் வேற யாருக்காகவோ வெயிட் பண்றார்னு அர்த்தம். அது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை. ப்ராஸஸர் மொத்தமா 30 பர்சன்ட்தான் காட்டுதேன்னு அதை விட்டுடாதீங்க. ஒரே ஒரு கோர் மட்டும் முழுசா மாட்டிக்கிட்டு முழிக்கலாம். அதையும் தனியா பாருங்க.

எப்போ அடிக்குது?

*ஆன்லைன்ல ஆடினா மட்டும்:* அது ஜெர்க்கே இல்லை, நெட் லேக். ஆஃப்லைன் கேம் ஒண்ணை ஓட்டிப் பாருங்க. ஸ்மூத்தா போனா உங்க பி.சி நிரபராதி. ஹாஸ்டல் வைஃபையைப் போய்த் திட்டுங்க.

*ஒரு இடத்துக்கு முதல் தடவை போறப்போ மட்டும்:* முதல் வெடி வெடிக்கும்போது 'டக்'. ரெண்டாவது வெடிக்கு ஒண்ணும் இல்லை. இது ஷேடர் வேலை. வெளிச்சம், நிழல், புகை எல்லாத்தையும் வரையச் சொல்ற குட்டி புரோகிராம்தான் ஷேடர். கன்சோல் எல்லாம் ஒரே ஹார்டுவேர்ங்கிறதால கம்பெனியே ரெடி பண்ணி அனுப்பிடும். பி.சி ஆளுக்கு ஒண்ணாச்சே! உங்க கார்டுக்கும் டிரைவருக்கும் ஏத்த மாதிரி உங்க மெஷின்லயே கம்பைல் ஆகணும். விளையாட்டு நடுவுல அது நடந்தா ஜெர்க்தான். கேம் ஆரம்பத்துல 'ஷேடர் தயாராகுது'ன்னு வந்தா, அவசரப்படாம ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. டிரைவர் அப்டேட் பண்ணினா இந்தக் கதை திரும்பவும் ஒரு ரவுண்ட் நடக்கும். பயப்படாதீங்க.

*புது ஏரியாவுக்குள்ள நுழையும்போது:* கேமை பழைய ஹார்டு டிஸ்க்ல போட்டிருக்கீங்களான்னு பாருங்க. எஸ்.எஸ்.டி-க்கு மாத்துங்க. அடுத்த சந்தேகம், கார்டுல இருக்கிற மெமரி. 8 ஜி.பி கார்டுல டெக்ஸ்சரை 'அல்ட்ரா'வுல வெச்சா, இடம் பத்தாம மிச்சம் சாதா ரேமுக்குப் போயிடும். அங்கேயிருந்து திரும்ப எடுத்துட்டு வர நேரம் ஆகும். டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்குங்க. கண்ணுக்கு வித்தியாசம் பெருசா தெரியாது. ஜெர்க் போயிடும்.

*இருபது நிமிஷம் கழிச்சு:* சூடு! சி.பி.யூ கூலருக்கு அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டினவங்க உலகம் முழுக்க இருக்காங்க. ஹெச்.டபிள்யூ இன்ஃபோ போட்டு டெம்பரேச்சரைப் பாருங்க. ரைஸன் 7000 சீரிஸ் 95 டிகிரி வரைக்கும் போறதுக்குன்னே டிசைன் பண்ணினது. அதனால நம்பரை மட்டும் பார்த்து மிரளாதீங்க. சூடு ஏறும்போது கிளாக் ஸ்பீடும் சரியுதான்னு பாருங்க. சரிஞ்சா அதுதான் குற்றவாளி. கேபினெட்டை டேபிளுக்கு அடியில சுவரோட ஒட்டி வெச்சிருந்தா முதல்ல வெளியே இழுங்க. நம்ம ஊர் மே மாசத்துல நமக்கே மூச்சு முட்டுது, அதுக்கு முட்டாதா?

*மணி அடிச்ச மாதிரி சரியா இத்தனை செகண்டுக்கு ஒரு தடவை:* பின்னாடி ஓடுற ஏதோ ஒரு சாஃப்ட்வேர். கலர் லைட் கன்ட்ரோல் பண்றது, மதர்போர்டோட வந்தது, ரெக்கார்டிங் பண்றது... எல்லாத்தையும் மூடிட்டு, ஒண்ணொண்ணா திறந்து பாருங்க. விண்டோஸ் புதுசா போட்ட முதல் நாள்ல அப்டேட், இண்டெக்ஸிங்னு உள்ளே நிறைய வேலை ஓடும். ஒரு நாள் டைம் கொடுத்துட்டுத் தீர்ப்பு சொல்லுங்க.

*எப்பவுமே, எல்லா கேம்லயும்:* புதுசா கட்டின பி.சி-யில இதுக்கு மூணு வழக்கமான காரணம் உண்டு. ஒண்ணு, மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகியிருப்பீங்க. ரெண்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 60-லயே விட்டிருப்பீங்க. மூணு, ரேம். 6000 ஸ்பீடுன்னு டப்பாவுல போட்டிருக்கும். ஆனா, பயாஸ்ல எக்ஸ்.எம்.பி இல்லை எக்ஸ்போவை நீங்களா ஆன் பண்ணாத வரைக்கும் டி.டி.ஆர் 5 ரேம் 4800 மாதிரி ஒரு அடிப்படை ஸ்பீடுலதான் ஓடும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைத் திறந்தா ஸ்பீடு தெரிஞ்சிடும். ரெண்டு ஸ்டிக் இருந்தா, அதைப் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்ல மாட்டக் கூடாது. நாலு ஸ்லாட் போர்டுல பெரும்பாலும் ப்ராஸஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவதும் நாலாவதும்தான். மேனுவல்ல படமே போட்டிருப்பாங்க. தூக்கிப் போடாம எடுத்துப் பாருங்க!

தப்பு உங்க மேல இல்லாமலும் இருக்கலாம்

2022 மார்ச்ல ஏ.எம்.டி கம்பெனியே ஒரு விஷயத்தை ஒத்துக்கிச்சு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி வேணும்னு மைக்ரோசாஃப்ட் 2021-ல சொன்னதால, நிறைய பேர் பயாஸ்ல அதை ஆன் பண்ணினாங்க. சில ரைஸன் மெஷின்கள்ல அது மதர்போர்டுல இருக்கிற ஒரு குட்டி மெமரி சிப்போட நீளமா பேச ஆரம்பிச்சுடும். அது முடியற வரைக்கும் மொத்த மெஷினும் ஒரு நொடி தயங்கி நிக்கும். கேம் மட்டும் இல்லை, பாட்டு கூட 'கிர்ர்'னு இழுக்கும். மருந்து என்ன தெரியுமா? புது பயாஸ் ஃபைல். விலை பூஜ்யம்! லட்ச ரூபா கார்டு மாத்தியிருந்தாலும் அந்த ஜெர்க் அப்படியேதான் இருந்திருக்கும். அதனால, மதர்போர்டு கம்பெனியோட தளத்துக்குப் போய் புது பயாஸ் வந்திருக்கான்னு பாருங்க. அதைப் போடும்போது நடுவுல கரன்ட் போனா போர்டே படுத்துடலாம். யு.பி.எஸ் இருக்கிற இடத்துல பண்ணுங்க.

சில சமயம் கேமே சரியில்லாம வரும். 2022 பிப்ரவரியில வந்த 'எல்டன் ரிங்', 2023 ஏப்ரல்ல வந்த 'ஸ்டார் வார்ஸ் ஜெடி: சர்வைவர்'... ரெண்டும் ரிலீஸ் நேரத்துல பெரிய பெரிய பி.சி-யையே திக்க வெச்சது. கம்பெனிகளே பிரச்னையை ஒத்துக்கிட்டு பேட்ச் விட்டாங்க. ஒரே ஒரு கேம்ல மட்டும் ஜெர்க், மத்ததெல்லாம் வெண்ணெய்னா, உங்க மெஷினை நோண்டாதீங்க. பேட்ச் வர்ற வரைக்கும் வேற கேம் ஆடுங்க.

லேப் நோட்டை எடுங்க

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல 'ஒரு நேரத்துல ஒரு வேரியபிளைத்தான் மாத்தணும்'னு சொல்லிக் கொடுத்தாங்களே... அதுக்கு இப்போதான் பாஸ் வேலை வந்திருக்கு! ஒரே கேம், ஒரே இடம், ஒரே பாதை, ரெண்டு நிமிஷம். கிராஃபை சேவ் பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணை மாத்துங்க. திரும்ப அதே ரெண்டு நிமிஷம். பத்து விஷயத்தை ஒரே ராத்திரியில மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. கெட்டாலும் எதனால கெட்டுச்சுன்னு தெரியாது.

இதையெல்லாம் வாங்கின முதல் வாரத்துக்குள்ளேயே முடிச்சிடுங்க. ஏன்னா, சில சமயம் நிஜமாவே பார்ட் பழுதா இருக்கும். மெம்டெஸ்ட்86 ஓட்டினா ரேம் எரர் வரலாம், இல்லை இன்னொரு மெஷின்ல மாட்டினாலும் அதே கார்டு திணறலாம். ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள, பில்லு, டப்பா, கிராஃப் மூணையும் எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க. 'அண்ணே, ஏதோ ஜெர்க் அடிக்குது'ன்னு போய் நின்னா, 'அப்படித்தான் தம்பி இருக்கும், பெரிய கார்டா போட்டுக்க'ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. 'ரெண்டு ஸ்டிக்ல இந்த ஸ்டிக்கை மட்டும் மாட்டினா இத்தனை எரர் வருது'ன்னு பேப்பரோட போய் நில்லுங்க. அப்புறம் அங்கே யாரும் தம்பின்னு கூப்பிட மாட்டாங்க... 'சார், உட்காருங்க'தான்!

அடுத்த வாரம்: 'லேப்டாப் ஃபேன் ஏன் ஃபிளைட் சத்தம் போடுது?' அதுவரைக்கும்... கிராஃப்ல கோடு நேரா போகட்டும் மக்களே!