பதினெட்டு வயதுக்குப் பின் எங்கே போவது?

பொழுது விடியும் முன்பே நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. திருப்பதியில் உணவு விடுதிகளின் அடுப்புகள் அதற்கும் முன்பே எரிகின்றன. கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் சோற்றுத் தூக்கோடு கிளம்புகிறார்கள. பிழைப்பைத் தேடி இங்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் நாள் இப்படித்தான் பிறக்கிறது. இவற்றில் சில வீடுகளில், தாயும் தந்தையும் வேலைக்குப் புறப்படும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருப்பது கைக்குழந்தை அல்ல. இருபது வயதைத் தொட்ட மகன், அல்லது மகள்.

இதைப் படித்துவிட்டு அந்தப் பெற்றோரை யாரும் தூற்ற வேண்டாம். பூட்டுகிற கை நடுங்கிக்கொண்டுதான் பூட்டுகிறது. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் உலை வைப்பது எப்படி? பாட்டியும் அத்தையும் சித்தப்பாவும் இருக்கும் சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

ஆட்டிசம் என்ற சொல் இன்று பலர் காதிலும் விழுகிறது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து இதனை விவரித்து எழுதினார். அதன் பின்னர் பல ஆண்டுகள், பாசமற்ற தாய்தான் இதற்குக் காரணம் என்று படித்த மேதாவிகளே பழி சுமத்தினார்கள். அந்தப் பழி பொய்யென்று விஞ்ஞானம் எப்போதோ ஒதுக்கிவிட்டது. இது சாபமும் அல்ல, தோஷமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இப்படி இருந்தார்கள். ஆகவே நம் தெருவிலும் இருக்கிறார்கள். கதவு பூட்டியிருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் முதலில் அதன் பெயரைச் சொன்னது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, அரசு வேலைகளில் 4 விழுக்காட்டை ஒதுக்கியது. அதில் ஒரு விழுக்காட்டைத்தான் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவினர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தனியார் முதலாளிகளுக்கோ கட்டாயம் ஏதுமில்லை; ஆட்களில் 5 விழுக்காடாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க அரசு ஊக்கச் சலுகை தரலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. இலவசக் கல்வி உரிமை 6 வயது முதல் 18 வரை. பத்தொன்பதாம் வயதில் அந்தப் பிள்ளை எங்கே போவான்? அவன் வீட்டுக்குத்தான் திரும்புகிறான். கதவு பூட்டப்படுகிறது.

ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். எந்த வேலையும் செய்ய இயலாத பிள்ளைகளும் உண்டு. வாழ்நாள் முழுதும் துணை வேண்டியவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பணம் உயிர்நாடி. ஆனால் வேலை செய்யக்கூடிய ஒருவனுக்கு ஓய்வூதியம் மட்டும் போதுமா? அது வயிற்றுக்குச் சோறு போடும்; காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடத்தைத் தராது.

வழி இருக்கிறது என்பதைப் பிறர் செய்து காட்டியிருக்கிறார்கள். டென்மார்க்கில் தோர்கில் சோன என்பவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை, 2004-இல் 'ஸ்பெஷலிஸ்டர்ன' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 'நிபுணர்கள்' என்பது அதன் பொருள். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆட்டிசம் உள்ளவர்களையே எடுத்தார். கூர்ந்து பார்க்கும் அவர்கள் கண் அங்கே குறையாகவில்லை, மூலதனமாயிற்று. நம் பக்கத்திலேயே, 2017-இல் ஹூப்ளியில் அலினா ஆலம் என்ற இளம்பெண் 'மிட்டி கஃபே' என்ற சிற்றுண்டிக் கடையை ஆரம்பித்தார். உடற்குறையும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவர்களே அங்கு தேநீர் போட்டார்கள், பரிமாறினார்கள், கணக்குப் பார்த்தார்கள். 2023 நவம்பரில் அதன் கிளை ஒன்று டெல்லியில் உச்சநீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டது.

இவற்றைச் சமூகத் தொழில் முயற்சி என்கிறார்கள். உண்டியல் குலுக்குவது அல்ல இது. நல்ல சரக்கை நியாயமான விலைக்கு விற்பது. வரும் லாபத்தை யாருடைய பைக்கும் அனுப்பாமல் மேலும் வேலை உண்டாக்கத் திருப்புவது. முதலாளியின் பெட்டியை நிரப்புவதல்ல, ஆளுக்கு வேலை கொடுப்பதே இங்கு முதல் நோக்கம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் இதற்கு இடமில்லையா? தோத்தாபுரி மாங்கூழ் ஆலைகள் நிறைந்த சீமை இது. மலைமேல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின் துணிப்பைக்கும் சணல் பைக்கும் காகிதப் பைக்கும் என்றும் தேவை இருக்கிறது. கோயில்களில் சாத்திக் களைந்த மலர்களைக் கொண்டு ஊதுபத்தி செய்யும் திட்டத்தைத் தேவஸ்தானம் 2021-லேயே தொடங்கியது. பை மடிப்பது, பத்தியை எண்ணி உறையில் இடுவது, புட்டியில் சீட்டு ஒட்டுவது, அளவு பார்த்துப் பிரிப்பது: நாள்தோறும் ஒரே ஒழுங்கில், ஒரே வரிசையில் செய்ய வேண்டிய வேலைகள் இவை. மற்றவர்களுக்குச் சலிப்புத் தட்டும் இந்த ஒழுங்கே ஆட்டிசம் உள்ள பலருக்கு நிம்மதி தருவது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஓடும் தறிகளின் இரைச்சலுக்கு நடுவே அவனை உட்காரவைத்துவிட்டு, 'இவனால் முடியவில்லை' என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். அவர்களில் பலருக்கு இரைச்சல் உடல்வலி போன்றது. அமைதியான அறை வேண்டும். ஒரு வேலையைப் பல படிகளாகப் பிரித்து, படமாக வரைந்து சுவரில் மாட்ட வேண்டும். நேரம் மாறாமல் இருக்க வேண்டும். மாறுவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொறுமையுள்ள துணையாள் ஒருவர் வேண்டும். அத்துடன், கைச்செலவுக்கு என்று ஐம்பதோ நூறோ நீட்டுவது கூலி ஆகாது. செய்த வேலைக்கு உரிய ஊதியம் அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர வேண்டும். இல்லையேல் சேவை என்ற பெயரில் நடக்கும் இன்னொரு சுரண்டலாகவே அது முடியும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'பிள்ளை பேசாதது இரண்டு மொழியால்தான். வீட்டில் தமிழை விடுங்கள்' என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இரு மொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தாய் தாலாட்டிய மொழியைப் பறித்தால் அந்தப் பிள்ளைக்கு மிச்சம் என்ன? தெலுங்கும் கற்கட்டும், வேலைக்கு அது வேண்டும். வீட்டில் தமிழும் இருக்கட்டும்.

அரசை நோக்கி நம் கோரிக்கைகள் இவை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் தொழில் கூடங்களுக்குச் சலுகை விலையில் நிலம் தரும்போது 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளியும் கால் முடங்கியோருக்குப் பிர்ட் மருத்துவமனையும் நடத்தும் தேவஸ்தானம், தான் வாங்கும் பைகளில் ஒரு பங்கை இத்தகைய கூடங்களிடமிருந்து வாங்க முன்வர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. முதலாவது, பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்குங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் இந்தியா முழுதும் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. செல்லாது என்று திருப்பி அனுப்பினால் சங்கத்துக்கு வாருங்கள், நாம் உடன் வருகிறோம். இரண்டாவது, ஒன்று சேருங்கள். 1995-ஆம் ஆண்டின் ஆந்திரப் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சட்டப்படி, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேர் கூடினால் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கலாம். பத்துக் குடும்பம், வாடகைக்கு ஓர் அறை, இரண்டு தையல் எந்திரம், முறைவைத்துப் பார்த்துக்கொள்ளப் பத்துத் தாய்மார். இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. தமிழ்க் குடும்பங்கள் மட்டும் என்றில்லை. அதே தெருவில் அதே பூட்டைப் பூட்டும் தெலுங்குக் குடும்பத்தையும் அழையுங்கள். இந்தத் துயரத்துக்கு மொழி எல்லை கிடையாது.

'எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?' இந்தப் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொரு தாயின் நெஞ்சிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. இதற்குத் தனியொரு தாயால் விடை சொல்ல முடியாது. பத்துத் தாய்மார் சேர்ந்தால் விடையின் முதல் வரியையாவது எழுதலாம். சாவியோடு அவர்கள் வரட்டும். சங்கத்தின் கதவு திறந்தே இருக்கும்.