அந்த ஒரு ‘லாம்’

குன்னூரிலிருந்து ஒரு வாசகியின் கடிதம். பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, போடலை.

“அண்ணா, எங்க அப்பா மாநில அரசு ஊழியரா இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்தப்போ போட்ட லஞ்ச கேஸில் இப்பதான் தீர்ப்பு வந்துச்சு. குற்றவாளின்னு சொல்லிட்டாங்க. பென்ஷனை நிறுத்திடுவாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. நான் ஃபைனல் இயர். காசு வாங்கினது அப்பா. ஃபீஸ் கட்ட முடியாம நிக்கப்போறது நானா?”

சட்டுன்னு பதில் எழுத வரலை. சாயங்காலம் ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் டீக்கடையில் ஆர்ட்ஸ் காலேஜ் பசங்க நாலு பேர் மாட்டினாங்க. ஆளுக்கு ஒரு வர்க்கி வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். “ஜெயிலுக்குப் போறவருக்கு எதுக்குண்ணா நம்ம வரிப்பணம்? கட் பண்ணணும்!” மூணு பேர் ஒரே குரல். நாலாவது பையன் மட்டும் வர்க்கியை டீயில் முக்கிக்கிட்டே, “முப்பது வருஷம் வேலை பார்த்திருக்காரே, அது இல்லேன்னு ஆகிடுமா?”ன்னான்.

நீங்க எந்தப் பக்கம்? கொஞ்சம் பொறுங்க.

நாலாவது பையன் பேசினதை சுப்ரீம் கோர்ட் எப்பவோ பேசிடுச்சு. 1982 டிசம்பர் 17-ல் வந்த நகாரா வழக்குத் தீர்ப்பு, பென்ஷன் என்பது அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுக்கிற தானம் இல்லை, உழைத்தவரின் உரிமை என்றது. 2013-ல் ஜார்க்கண்ட் வழக்கு ஒன்றில், அது அவருடைய சொத்து, விதி எதுவும் இல்லாமல் வெறும் உத்தரவு போட்டு நிறுத்த முடியாது என்றது.

விதி இருந்தா? இருக்கு. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978. அதில் 8-ம் விதி. ரிட்டயர் ஆன பிறகும் நன்னடத்தையோடு இருக்கணும், அந்த நிபந்தனையில்தான் பென்ஷனே. கடுமையான குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால் முழுசாகவோ ஒரு பகுதியையோ, கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாகவோ நிறுத்தி வைக்கலாம். கவனிச்சீங்களா? ‘நிறுத்தலாம்’. ‘நிறுத்த வேண்டும்’ இல்லை. அந்த ஒரு ‘லாம்’ யாரைத் தொடும், யாரை விடும் என்பது ஃபைல் எந்த மேஜையில் இருக்கு என்பதைப் பொறுத்தது.

இதைவிட எனக்கு உறுத்துறது இன்னொண்ணு. ஒரே குற்றம், ஒரே தண்டனை. வேலையில் இருக்கும்போதே தீர்ப்பு வந்தால் டிஸ்மிஸ். அத்தனை வருஷ சர்வீஸும் காலி. மிஞ்சிப்போனால் கருணைப்படின்னு ஒண்ணு உண்டு, அதுவும் பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. தீர்ப்பு ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் வந்தால்? நம்ம ‘லாம்’தான். ஆக, வாய்தா வாங்க வாங்க லாபம்.

மிகையா சொல்றேன்னு நினைக்காதீங்க. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியை எடுத்துக்குங்க. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடி அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தாங்க. வீடுகளைச் சூறையாடினாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர், எல்லாரும் அரசு ஊழியர்கள். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-ல். அதற்குள் 54 பேர் இறந்துட்டாங்க. மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். ஹைகோர்ட் அதை உறுதி செய்தது 2023-ல். கணக்குப் போடுங்க: சம்பவத்தன்று 45 வயசான ஒருத்தருக்கு 2005-லேயே 58 ஆகியிருக்கும். கேஸ் நடக்கும்போது ரிட்டயர் ஆனால் தற்காலிக ஓய்வூதியம் உண்டு, பணிக்கொடைதான் நிற்கும். தீர்ப்புக்கு முன்னாடியே ஆறு வருஷம்! அந்தக் கிராமத்துப் பெண்களுக்கு அந்த ஆறு வருஷமும் யார் மாசாமாசம் பணம் அனுப்பினாங்க?

அதனால் என் கட்சி இது. தண்டனை வந்தால் பென்ஷனில் கை வைக்கணும், குற்றத்தின் கனத்துக்கு ஏத்த அளவு, ‘லாம்’ போடாமல். ரிட்டயர் ஆன தேதியைப் பார்க்கக் கூடாது. ஆனா ஜி.பி.எஃப். அவர் சம்பளத்தில் பிடித்த காசு, அதைத் தொடக் கூடாது. இங்கிலாந்தில் தண்டனை பெற்ற போலீஸ்காரர் பென்ஷனில் 65 சதவீதம் வரைதான் பறிக்கலாம். மீதி 35 அவர் கட்டிய பங்குன்னு விட்டுடுறாங்க. நம்ம மத்திய அரசு விதியிலும் ஒரு பகுதியை வெட்டினால் மிச்சம் குறைந்தபட்ச பென்ஷனுக்குக் கீழே போகக் கூடாதுன்னு இருக்கு. அந்தக் குறைந்தபட்சம் 2016 முதல் 9,000 ரூபாய்.

9,000-ம் கம்மிதானேன்னு மூணு பேர் கட்சியில் ஒருத்தனே பரிதாபப்பட்டான். அவன் கையில் இருந்த டீயைக் காட்டினேன். இந்த மலையில் கொழுந்து பறிச்சு ஓய்ஞ்சவங்களுக்கு, அரசாங்கத்தோட டான்டீயில் உழைச்சவங்களுக்கும் சேர்த்து, பி.எஃப். பென்ஷன்தான். 2014-ல் அதற்குக் குறைந்தபட்சம்னு நிர்ணயிச்ச தொகை மாசம் 1,000 ரூபாய். அவங்க மேலே எந்தக் கேஸும் இல்லை. பையன் பேசலை, டீயை ஆறவிட்டுட்டான்.

குன்னூர் தங்கச்சிக்கு: அப்பாவை அப்பீல் செய்யச் சொல்லுங்க. பென்ஷன் விஷயமா நோட்டீஸ் வந்தால், உங்க படிப்புச் செலவையும் வீட்டு நிலைமையையும் பதிலில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்க. முழுசா நிறுத்துறதா, பகுதியான்னு முடிவு பண்றவங்க படிக்கப்போற காகிதம் அது. நீங்க நேரா பேங்குக்குப் போய்க் கல்விக் கடன் கேளுங்க. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. அந்த நாலாவது பையன், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்னன்னு உங்ககிட்ட கேட்கச் சொன்னான்.