பூட்டும் திறவுகோலும்

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டு. கைத்திறனால் உருவாகும் அப்பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. உடைமையைக் காக்கப் பூட்டு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், எடுக்க எடுக்கக் குறையாத உடைமை ஒன்று உண்டு, அதுவே அறிவு. அதனையும் பூட்டிவைக்கத்தான் வேண்டுமா என்னும் வினாவைச் செயற்கை நுண்ணறிவு இன்று நம்முன் வைத்துள்ளது.

மனிதரைப் போல உரையாடும் மென்பொருளுக்கு அடிப்படையாக இருப்பது மொழி மாதிரி. பெருந்தொகையான எழுத்துகளைப் படித்துப் பழகிய கோடிக்கணக்கான எண்மதிப்புகளின் தொகுப்பு அது. சில நிறுவனங்கள் இம்மாதிரியைத் தம் கணினிகளிலேயே வைத்துக்கொண்டு, வினாவுக்கு விடையை மட்டும் அளிக்கின்றன. வேறு சில, எண்மதிப்புகளையே வெளியிடுகின்றன. அவற்றை எவரும் தரவிறக்கித் தம் கணினியில் இயக்கலாம். தம் தேவைக்கேற்ப மாற்றலாம். இப்பகிர்வு புதியதன்று. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கமும் 1991இல் பிறந்த லினக்சும் இதற்கு வழிகாட்டின. நம் கணினிப் பாடநூல்களில் இடம்பெற்ற உபுண்டுவும் ஓப்பன் ஆபீசும் அவ்வழி வந்தவையே.

தமிழர்க்கு இப்பகிர்வு ஏன் இன்றியமையாதது? மொழி மாதிரி, சொற்களைச் சிறு துணுக்குகளாகப் பிரித்தே படிக்கிறது. ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு பழகிய மாதிரியில் ஆங்கிலச் சொல் ஓரிரு துணுக்குகளில் அடங்கிவிடும். தமிழ்ச்சொல்லோ எழுத்தெழுத்தாகச் சிதறும். இத்தகைய மாதிரிகளைக் கொண்டு செயலி உருவாக்குவோர் செலுத்தும் கட்டணமோ பெரும்பாலும் துணுக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் வாழும் உழவர்க்குத் தமிழில் விடைதரும் செயலியை உருவாக்குபவர், அதே கருத்தை ஆங்கிலத்தில் தருபவரைவிட மிகுதியாகச் செலவிட நேர்கிறது. ஒருவர் தம் தாய்மொழியில் வினவுவதற்கு விதிக்கப்படும் மறைமுக வரி இது என்பேன்.

மாதிரி பூட்டப்பட்டிருந்தால் இக்குறையைச் சுட்டிக்காட்டலாம். நாமே நீக்க இயலாது. திறந்திருந்தால் இயலும். 2023இல் வெளியான ‘தமிழ் லாமா’ இதற்குச் சான்று. மெட்டா நிறுவனம் வெளியிட்ட லாமா 2 மாதிரியுடன் 16,000 தமிழ்த் துணுக்குகளைச் சேர்த்து அது உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் ஆய்வகம், அட்டவணையில் உள்ள 22 இந்திய மொழிகளுக்குமான ‘இண்டிக்டிரான்ஸ்2’ என்னும் மொழிபெயர்ப்பு மாதிரியை அனைவர்க்கும் பொதுவாக வழங்கியது.

திறந்தது எல்லாம் செலவற்றது என எண்ணுதல் தவறு. மாதிரியை இயக்க ஆற்றல்மிக்க கணினியும் மின்சாரமும் வேண்டும். சில மாதிரிகள் திறந்தவை எனப் பெயர்பெற்றாலும், அவை பழகிய தரவுகள் வெளியிடப்படுவதில்லை. பயன்பாட்டுக்கும் வரம்புகள் உண்டு. தீய நோக்கமுடையோர் கையிலும் அவை சேரக்கூடும் என்னும் அச்சமும் பொருளற்றதன்று. ஆயினும், ஒரு மாதிரி எங்கே பிழைபடுகிறது, யாரை ஒதுக்குகிறது என்பதைப் பலரும் ஆராய்ந்து அறியத் திறந்த நிலையே பெரிதும் துணைசெய்யும். பூட்டியவர் ஒருவரையே நம்பியிருப்பது பாதுகாப்பு ஆகாது.

கணினி ஆற்றலுக்கான செலவைத் தனியொருவர் தாங்க இயலாது. ஆதலால் அரசு துணைநிற்றல் வேண்டும். 2024இல் நடுவண் அரசு 10,300 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் இந்தியச் செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. மக்கள் பணத்தால் உருவாகும் மாதிரிகளும் தரவுகளும் மக்களுக்கே திறந்திருத்தல் முறை. இணைய இணைப்பு இல்லாத பொழுதும் பள்ளிக் கணினியில் இயங்கும் சிறிய தமிழ் மாதிரிகள் உருவாக்கப்பட வேண்டும்.

இதில் மாணவர்க்கும் பங்குண்டு. நல்ல தமிழ்த் தரவு இன்றி நல்ல தமிழ் மாதிரி இல்லை. 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதலாம். மொசில்லாவின் பொதுக்குரல் திட்டத்துக்குத் தம் ஊர்ப் பேச்சின் ஒலியை வழங்கலாம். திறவுகோலைப் பிறர் தரட்டும் எனக் காத்திருப்போர் வாயிலிலேயே நிற்பர். அதனைச் செய்யக் கற்றவரே உள்ளே நுழைவர்.